மால்டோவா எந்த வழியில் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போவது?

ருமேனியாவுக்கும் உக்ரைனுக்கும் நடுவே இருக்கும் மால்டோவாவின் கிழக்கு ஓரத்தில், டினீஸ்டர் ஆற்றை ஒட்டி நீளமாகக் கிடக்கும் டிரான்ஸ்னிஸ்ட்ரியா, ரஷ்ய ஆதரவுப் பிரிவினைவாதிகளோடு நடந்த 1992 போருக்குப் பிறகு அந்த நாட்டின் கையில் இல்லை. தனிக் கொடி, தனி நாணயம், தனி போலீஸ், கூடவே சுமார் 1,500 ரஷ்யப் படையினர். ஆனால் உலகில் எந்த அரசும், ரஷ்யா உட்பட, அதைத் தனி நாடாக ஏற்கவில்லை. இந்த நிலையில்தான் மால்டோவா 2022 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியத்தின் வேட்பு நாடானது. 2024 ஜூனில் சேர்க்கைப் பேச்சு முறைப்படி தொடங்கியது. 2030-க்குள் உள்ளே போய்விட வேண்டும் என்பது அரசின் குறி.

அப்படியானால் எந்த வரிசையில் போவது? பிரிந்து கிடக்கும் பகுதியோடு முதலில் ஒரு தீர்வுக்கு வந்துவிட்டுச் சேர்வதா? முதலில் சேர்ந்துவிட்டுத் தீர்வைப் பிறகு பார்ப்பதா? சேரவே வேண்டாம், நடுநிலையாக இருந்துகொண்டு உள்ளூர்ப் பிளவை மெல்ல ஆற்றிக்கொள்ளலாம் என்று இருந்துவிடுவதா? மூன்றுக்கும் ஆள் இருக்கிறார்கள், மூன்றுக்கும் முன்னுதாரணமும் இருக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரண்டாவது வழிதான் சரி. ஆனால் சைப்ரஸ் அதில் போன விதத்தில் போகக் கூடாது.

ஒரு வட்டாரக் கூட்டமைப்பில் சேர்ந்தால் பிளவுபட்ட சமூகத்தில் அமைதி வருமா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் உருப்படியான பதில் கிடைக்காது. சில இடங்களில் வந்திருக்கிறது, சில இடங்களில் வரவில்லை. ஒவ்வொரு இடத்திலும் கேட்க வேண்டியவை இரண்டு. சேர்க்கை யாருக்கு அவசரத்தை உண்டாக்குகிறது, யாருடைய அவசரத்தைத் தீர்த்துவைக்கிறது என்பது ஒன்று. பிளவின் இரு பக்கத்துக்கும் பின்னால் நிற்கும் நாடுகளில் எத்தனை அந்தக் கூட்டமைப்புக்குள் இருக்கின்றன என்பது மற்றொன்று. இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு பழைய கதைகளைப் பார்த்தால் குழப்பம் நிறையக் குறையும்.

சைப்ரஸ்: சேர்க்கை முதலில்

1960-இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்ற தீவு இது. கிரேக்க சைப்ரியர் பெரும்பான்மை, துருக்கிய சைப்ரியர் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. இருவரும் சேர்ந்து ஆளும் ஏற்பாடு மூன்று ஆண்டுகள்தான் தாங்கியது. 1963 டிசம்பரில் தெருச்சண்டை மூண்டபோது ஒரு பிரிட்டிஷ் தளபதி நிக்கோசியாவின் வரைபடத்தில் பச்சைப் பென்சிலால் கோடு இழுத்தார். அது இன்றும் பச்சைக் கோடு என்ற பெயரில் நகரை இரண்டாக வெட்டிக்கொண்டு கிடக்கிறது. 1974 ஜூலையில் கிரீஸின் ராணுவ ஆட்சி தூண்டிவிட்ட ஆட்சிக் கவிழ்ப்பு, ஐந்தாம் நாள் துருக்கியின் படையெடுப்பு. தீவின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் துருக்கிப் படையின் கீழ் போனது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கிரேக்க சைப்ரியர் வீடுவாசலை விட்டுத் தெற்குக்கு ஓடினார்கள். பல்லாயிரம் துருக்கிய சைப்ரியர் அதே போல வடக்குக்குப் போனார்கள். 1983-இல் வடக்கு தன்னைத் தனி நாடாக அறிவித்துக்கொண்டது. துருக்கி ஒன்றுதான் அதை ஏற்றது.

1990-இல் சைப்ரஸ் அரசு, அதாவது நடைமுறையில் தெற்கு, ஒன்றியத்தில் சேர விண்ணப்பித்தது. தீர்வு வந்தால்தான் சேர்க்கை என்ற எண்ணம் ஐரோப்பியத் தலைநகரங்களில் நெடுநாள் இருந்தது. கிரீஸ் ஏற்கெனவே உறுப்பு நாடு. சைப்ரஸை விட்டுவிட்டு கிழக்கு ஐரோப்பாவை மட்டும் சேர்த்தால் மொத்தத்தையும் தடுப்பேன் என்று அது மிரட்டியது. 1999 டிசம்பரில் ஹெல்சிங்கி மாநாடு முடிவெடுத்தது: தீர்வு வந்தால் நல்லது, ஆனால் அது முன்நிபந்தனை இல்லை.

அந்த வரி எழுதப்பட்டபோது தெற்கின் அவசரம் தீர்ந்துபோனது. எப்படியும் உள்ளே போகப் போகிறோம், அப்புறம் உறுப்பு நாடாக இருந்துகொண்டு நல்ல பேரம் பேசலாம் என்று தெற்கின் தலைவர்கள் கணக்குப் போட இடம் கிடைத்தது. வடக்கில் நடந்தது இதற்கு நேரெதிர். 2002 கடைசியிலும் 2003 தொடக்கத்திலும் வட நிக்கோசியாவில் பல்லாயிரம் துருக்கிய சைப்ரியர் ஐரோப்பியக் கொடியோடு தெருவில் இறங்கினார்கள். தங்கள் தலைவர் ரவூப் டெங்டாஷின் பிடிவாதத்தால் ரயிலைத் தவறவிடப் போகிறோம் என்பதே அவர்களுடைய பயம். 2003 ஏப்ரல் 23 அன்று கோட்டின் வாசல்கள் திறந்தன. 29 ஆண்டுகளாகப் பார்க்காத சொந்த வீட்டைப் பார்க்க இரு பக்கமும் மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள்.

ஓராண்டு கழித்து, 2004 ஏப்ரல் 24 அன்று, தீவை மீண்டும் ஒன்றிணைக்க ஐநா முன்வைத்த அன்னான் திட்டத்தின் மீது இரு பக்கமும் தனித்தனியாக வாக்களித்தன. துருக்கிய சைப்ரியரில் சுமார் 65 விழுக்காடு ‘ஆம்’. கிரேக்க சைப்ரியரில் சுமார் 76 விழுக்காடு ‘இல்லை’. ஒரு வாரத்தில், மே 1 அன்று, சைப்ரஸ் ஒன்றியத்தில் சேர்ந்தது. சட்டப்படி தீவு முழுக்க உள்ளே. ஆனால் அரசின் கட்டுப்பாட்டில் இல்லாத வடக்கில் ஒன்றியச் சட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. ‘ஆம்’ என்றவர்கள் வெளியே, ‘இல்லை’ என்றவர்கள் உள்ளே.

கிரேக்க சைப்ரியர் ‘இல்லை’ என்றதற்கு நியாயமான காரணங்கள் இருந்தன, அதை மறைக்கக் கூடாது. துருக்கிப் படை முழுதாக வெளியேறாது என்ற கவலை, இழந்த சொத்து திரும்பக் கிடைக்குமா என்ற கேள்வி, துருக்கிக்கு இருக்கும் தலையீட்டு உரிமை. ஆனால் ‘இல்லை’ என்பதற்கு அவர்கள் எந்த விலையும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. விலையே இல்லாத இடத்தில் விட்டுக்கொடுக்கச் சொல்லி எந்த மக்களையும் கேட்க முடியாது.

அதைவிட எனக்கு உறுத்துவது பின்னால் நடந்ததுதான். வாக்கெடுப்பு முடிந்த இரண்டாம் நாளே, துருக்கிய சைப்ரியரின் தனிமையை முடித்துவைப்போம் என்று ஒன்றிய வெளியுறவு அமைச்சர்கள் சொன்னார்கள். வடக்கோடு நேரடி வணிகத்துக்கு ஒரு விதிமுறை வரைவும் தயாரானது. அது நிறைவேறவே இல்லை. ஏனென்றால் அதற்குள் சைப்ரஸ் உறுப்பு நாடு ஆகியிருந்தது, தடுக்கும் பலம் அதன் கையில் வந்திருந்தது. பத்து நாள் முன்னால் செய்திருந்தால் முடிந்திருக்கும் காரியம், பத்து நாள் கழித்து முடியாமல் போனது.

சீஸ் விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். தீவின் இரு பக்கத்திலும் செய்யும் ஒரே சீஸ் அது. தெற்கில் ஹலூமி, வடக்கில் ஹெலிம். 2021 ஏப்ரலில் ஒன்றியம் இரண்டு பெயரையும் சேர்த்தே புவிசார் குறியீடு கொடுத்தது. தரத்தைச் சோதிக்க இரு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு தனியார் நிறுவனமும் நியமிக்கப்பட்டது. ஆனால் பெயர் கிடைத்ததால் மட்டும் வடக்கின் ஹெலிம் கடைக்கு வந்துவிடாது. பால் தரும் ஆட்டிலிருந்தும் மாட்டிலிருந்தும் தொடங்கி கால்நடை நோய்த் தடுப்பு, சுகாதாரச் சோதனை என எல்லாம் ஒன்றிய விதிக்குப் பொருந்த வேண்டும், அப்புறம் சரக்கு பச்சைக் கோட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். சேர்ந்து இத்தனை ஆண்டு ஆகியும் ஒரு துண்டுச் சீஸுக்கு இந்தப் பாடு.

இவ்வளவு சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். துருக்கிய சைப்ரியர் தனிமனிதர்களாகச் சைப்ரஸ் குடிமக்கள். அதனால் ஐரோப்பியக் குடிமக்களும்கூட. பெருந்தொகையானவர்கள் அந்தப் பாஸ்போர்ட்டை வாங்கிவைத்திருக்கிறார்கள். 2019-இல் நியாசி கிசில்யூரெக் என்ற துருக்கிய சைப்ரியர், தெற்கின் இடதுசாரிக் கட்சியான அகெலின் பட்டியலில் நின்று ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குப் போனார். கோடு திறந்தே இருக்கிறது. கொலைகள் இல்லை. தீர்வு மட்டும் இல்லை. 2017-இல் சுவிட்சர்லாந்தின் கிரான்ஸ்-மொண்டானாவில் நடந்த பெரிய பேச்சும் முறிந்தது.

மாசிடோனியா: தீர்வு முதலில்

சைப்ரஸில் கையைச் சுட்டுக்கொண்ட ஒன்றியம் அடுத்து வந்தவர்களிடம் கறாராக நடந்துகொண்டது. வீட்டுச் சண்டையை முடித்துவிட்டு வா என்றது. அந்த வழி எப்படிப் போகும் என்பதற்கு இன்று வட மாசிடோனியா என்று பெயர் மாற்றிக்கொண்ட நாட்டைவிட நல்ல சான்று இல்லை.

முதலில் அது நன்றாகவே வேலை செய்தது. 2001-இல் அல்பேனியச் சிறுபான்மையின் ஆயுதக் குழுவுக்கும் அரசுக்கும் மோதல் வெடித்தது. சில மாதங்களில், ஆகஸ்ட் 13 அன்று, ஒஹ்ரித் உடன்படிக்கை கையெழுத்தானது. அல்பேனிய மொழிக்கு அரசு அலுவலில் இடம், உள்ளாட்சிக்கு அதிகாரம், போலீஸிலும் அரசுப் பணியிலும் பங்கு. ஐரோப்பாவுக்குள் போகும் கனவு அந்த உடன்படிக்கைக்குப் பசையாக இருந்தது. இரு இனமும் பொதுவாக விரும்பிய ஒரே பெரிய இலக்கு அது. 2005-இல் வேட்பு நாடாகவும் ஆனது.

அப்புறம் அந்தக் கனவை அண்டை நாடுகள் பிடியாகப் பயன்படுத்திக்கொண்டன. பெயரை மாற்று என்று கிரீஸ் ஆண்டுக்கணக்கில் தடுத்தது. 2018 ஜூனில் பிரெஸ்பா உடன்படிக்கையில் பெயரையே மாற்றிக்கொண்டார்கள். ஒரு நாடு தன் பெயரை விட்டுக்கொடுப்பது சின்ன விஷயமா? அதைச் செய்த பிறகு 2019 அக்டோபரில் பிரான்ஸ் ‘இப்போது வேண்டாம்’ என்றது. 2020 நவம்பரில் பல்கேரியா, மொழியும் வரலாறும் பற்றிய தன் தகராறைக் கொண்டுவந்து வீட்டோ போட்டது. 2022-இல் ஒரு சமரசம் வந்தது. அரசமைப்பில் பல்கேரியரைக் குறிப்பிட வேண்டும் என்பது அதன் நிபந்தனை. 2024 மே மாதம், இனி யாருக்கும் பணியமாட்டோம் என்ற கட்சி ஆட்சிக்கு வந்தது. அதே ஆண்டு, ஜோடியாக நகர்ந்துகொண்டிருந்த அல்பேனியா தனியே முன்னே போய்விட்டது.

தீர்வை முன்நிபந்தனையாக வைத்தால் உள்ளே இருப்பவர்களுக்கு அவசரம் பிறக்கும். ஆனால் அந்தத் தீர்வைத் தடுக்க விரும்புபவர் கையில் சாவியும் போய்விடும். பாதியில் இலக்கு நகர்ந்தால், விட்டுக்கொடுத்த தலைவர்கள் தோற்பார்கள், அடுத்தவர் விட்டுக்கொடுக்க வரமாட்டார். மால்டோவாவில் அந்தச் சாவி யாரிடம் போகும் என்பதை யோசித்துப் பார்த்தால் போதும். டிரான்ஸ்னிஸ்ட்ரியா தீர்ந்த பிறகுதான் சேர்க்கை என்றால், மால்டோவா ஐரோப்பாவுக்குள் போகலாமா கூடாதா என்பதை மாஸ்கோ முடிவுசெய்யும். மாஸ்கோ தீர்வுக்குச் சம்மதிக்காத வரை சேர்க்கையும் கிடையாது. இதனாலேயே முதல் வழியை நான் தள்ளிவிடுகிறேன். இதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை.

வட அயர்லாந்து: இரு பக்கமும் உள்ளே இருந்தபோது

அமைதிக்குக் கூட்டமைப்பு உதவிய இடம் எது என்று கேட்டால் எல்லோரும் காட்டுவது வட அயர்லாந்து. காட்டுவது சரிதான். ஆனால் எப்படி உதவியது என்பதில் பலரும் அவசரப்படுகிறார்கள்.

பிரிட்டனும் அயர்லாந்தும் 1973 ஜனவரி 1 அன்று ஒரே நாளில் சேர்ந்தன. சேர்ந்ததும் அமைதி வந்ததா? வரவில்லை. வட அயர்லாந்து பிரிட்டனோடு இருக்க வேண்டும் என்பவர்களுக்கும் அயர்லாந்தோடு சேர வேண்டும் என்பவர்களுக்கும் இடையே 1998 வரை நீண்ட மோதலில் சுமார் 3,500 பேர் இறந்தார்கள். அதில் பெரும்பகுதி இரு நாடுகளும் உறுப்பினராக இருந்த காலத்தில்தான் நடந்தது. எல்லையில் இருந்த சுங்கச் சாவடிகளே, அயர்லாந்தோடு சேர ஆயுதம் ஏந்திய ஐஆர்ஏ-வின் இலக்காக இருந்தன.

கூட்டமைப்பு செய்த வேலை மெதுவானது. லண்டன் அமைச்சரும் டப்ளின் அமைச்சரும் மீனுக்கும் பாலுக்கும் விலை பேச பிரஸ்ஸல்ஸில் சமமாக உட்கார்ந்து பழகினார்கள். பழைய எசமான், பழைய குடியேற்றம் என்ற உறவு அந்த மேஜையில் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. 1993-இல் ஒற்றைச் சந்தை வந்தபோது சுங்கச் சாவடிக்கு வேலையே இல்லாமல் போனது. 1998 ஏப்ரல் 10 அன்று பெல்பாஸ்ட் அமைதி உடன்படிக்கை. அதன் பிறகு ராணுவக் காவல் கோபுரங்களும் ஒவ்வொன்றாக இறங்கின. சுமார் 500 கிலோமீட்டர் எல்லையில், வேக வரம்புப் பலகை மைலிலிருந்து கிலோமீட்டருக்கு மாறுவதை வைத்துத்தான் நாடு மாறியது தெரியும் என்ற நிலை வந்தது. வடக்கில் கறந்த பால் தெற்கின் ஆலைக்குப் போய் வெண்ணெயாகிறது. 1995 முதல் ஒன்றியத்தின் ‘பீஸ்’ திட்டப் பணமும் வந்தது. டெரி நகரில் ஃபாயில் ஆற்றின் மேல் 2011-இல் திறந்த அமைதிப் பாலம் அந்தப் பணத்தில் கட்டியது.

நான் அயர்லாந்துக்காரன் என்று நினைப்பவர் அப்படியே வாழலாம், நான் பிரிட்டிஷ்காரன் என்று நினைப்பவரும் அப்படியே வாழலாம். இரண்டில் ஒன்றை இன்றே முடிவுசெய் என்று யாரும் கேட்கவில்லை. சைப்ரஸில் அவசரமின்மை தீர்வைக் கெடுத்தது. இங்கே அதே அவசரமின்மை மனிதர்களை மூச்சுவிட வைத்தது. காரணம், பின்னால் நிற்கும் இரு நாடுகளும் உள்ளே இருந்தன. சைப்ரஸில் கிரீஸ் உள்ளே, துருக்கி வெளியே.

பிரெக்ஸிட் அந்த ஏற்பாட்டின் ஒரு காலை எடுத்துவிட்டது. 2016 வாக்கெடுப்பில் வட அயர்லாந்தில் கிட்டத்தட்ட 56 விழுக்காட்டினர் ஒன்றியத்தில் இருக்கவே வாக்களித்தார்கள். வெளியேறுவது என்று ஆன பிறகு மூன்று வழிதான் இருந்தது: தரையில் எல்லை, கடலில் எல்லை, அல்லது பிரிட்டன் முழுவதும் சுங்கக் கூட்டில் நீடிப்பது. தரையில் போட்டால் அமைதிக்கே ஆபத்து என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். மூன்றாவதைத் தழுவிய அன்றைய பிரதமர் தெரசா மேயின் ஒப்பந்தத்தை நாடாளுமன்றம் 2019-இல் மூன்று முறை தோற்கடித்தது. மிஞ்சியது கடல். 2021 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்ததும், எங்களை எங்கள் நாட்டிலிருந்தே வெட்டிவிட்டார்கள் என்று பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்புபவர்கள் கொதித்தார்கள். அந்த ஏப்ரலில் பெல்பாஸ்ட்டில் பஸ் எரிந்தது. 2022 பிப்ரவரியில் அவர்களுடைய பெரிய கட்சியான டியுபி அதிகாரப் பகிர்விலிருந்து விலகியதால் ஆட்சி முடங்கியது. 2023-இல் விண்ட்சர் கட்டமைப்பு என்ற உடன்பாடு சில சோதனைகளைத் தளர்த்தியது. 2024 பிப்ரவரியில்தான் பேரவை மீண்டும் கூடியது.

வெளியேறுவது எங்கேயாவது ஓர் எல்லையைப் போட்டே தீரும். உள்ளே நுழைவதும் அப்படித்தான், இதைத்தான் மறந்துவிடுகிறோம். மால்டோவா உள்ளே போகிற நாளில் ஒன்றியத்தின் ஓரம் டினீஸ்டர் ஆற்றங்கரைக்கு வந்து நிற்கும்.

சேராமலே இருந்துவிட்டால்?

மூன்றாவது வழியை அதிகம் ஆராய வேண்டியதில்லை. மால்டோவாவின் 1994 அரசமைப்பு அதை நடுநிலை நாடு என்றே சொல்கிறது. முப்பது ஆண்டு நடுநிலையில் ரஷ்யப் படை முழுதாக வெளியேறவில்லை. கோபாஸ்னா கிராமத்துச் சோவியத் வெடிமருந்துக் கிடங்கும் அங்கேயே இருக்கிறது.

கூட்டமைப்பு இருந்தும் பிளவைத் தொடாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். 1985-இல் சார்க் உருவானபோதே அதன் சாசனத்தின் பத்தாவது பிரிவில், இருதரப்புத் தகராறுகளும் சர்ச்சைக்குரிய விஷயங்களும் பேச்சுக்கு வராது என்று எழுதிவிட்டார்கள். இலங்கையில் போர் நடந்த காலம் முழுக்க சார்க் ஒரு பக்கம் இருந்தது, போர் ஒரு பக்கம் நடந்தது. 1987 ஒப்பந்தம்கூட இரண்டு நாடுகளுக்கு இடையிலானதுதான்.

வெளியிலிருந்து ஒரு கூட்டமைப்பு கை வைத்தாலும் எல்லாம் சரியாகிவிடாது. 2002 போர்நிறுத்தத்தைக் கண்காணித்த குழுவில் நார்வே, ஐஸ்லாந்து, ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து என ஐந்து நாட்டவர் இருந்தார்கள். 2006 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் விடுதலைப் புலிகளைத் தடைசெய்தது. தடைசெய்த ஒன்றியத்தின் உறுப்பு நாட்டவர் கண்காணிப்பாளராக இருக்கக் கூடாது என்று புலிகள் கோரினார்கள். செப்டம்பர் தொடங்கும்போது ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து மூன்றும் கிளம்பிவிட்டன. போர் திரும்பிக்கொண்டிருந்த அதே மாதங்களில் பார்த்துச் சொல்ல இருந்த கண்கள் குறைந்தன. தடை சரியா தவறா என்பது வேறு விவாதம். இலங்கைக்குள் கொடுப்பதற்கு எந்த வாக்குறுதியும் இல்லாத ஒரு கூட்டமைப்பிடம் தண்டனை மட்டுமே மிஞ்சியது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

ஆக, இரண்டாவது வழி

2023-இல், அன்று ஒன்றியத்தின் வெளியுறவுப் பொறுப்பாளராக இருந்த ஜோசப் பொரெல், சைப்ரஸ் தன் பிரச்சினையோடே சேர்ந்ததைச் சுட்டிக்காட்டி மால்டோவாவும் அப்படிச் சேரலாம் என்றார். அதில் உண்மை இருக்கிறது. சைப்ரஸைவிட மால்டோவாவுக்குச் சாதகமான விஷயங்களும் இருக்கின்றன.

முதலாவது, டினீஸ்டர் கோடு பச்சைக் கோட்டைப் போல மூடிக் கிடந்ததில்லை. மக்கள் தினமும் கடக்கிறார்கள், வேலைக்கு, மருத்துவமனைக்கு, சந்தைக்கு. ஆற்றின் இரு கரையிலும் மால்டோவர், ரஷ்யர், உக்ரைனியர் கலந்தே இருக்கிறார்கள். டிரான்ஸ்னிஸ்ட்ரியாவின் தலைநகரான திராஸ்போலின் ஷெரிஃப் கால்பந்துக் குழு மால்டோவாவின் லீக்கில்தான் ஆடுகிறது. 2021 செப்டம்பரில் ரியல் மாட்ரிட்டை அதன் சொந்த மைதானத்திலேயே 2–1 என்று வென்றபோது மால்டோவாவின் சாம்பியனாகத்தான் அது அங்கே போயிருந்தது. இடது கரையில், அதாவது டிரான்ஸ்னிஸ்ட்ரியாவில், பெரும்பாலோரிடம் மால்டோவப் பாஸ்போர்ட் இருக்கிறது. 2014 முதல் அதை வைத்து விசா இல்லாமல் ஐரோப்பா போகலாம்.

இரண்டாவது, வணிகம். 2016 ஜனவரி முதல் ஒன்றியத்தோடு மால்டோவா செய்த தாராள வணிக ஒப்பந்தம் இடது கரைக்கும் பொருந்துகிறது. அங்குள்ள ஆலைகள் மால்டோவாவின் தலைநகரான கிஷினாவில் பதிவுசெய்துகொண்டு மேற்கே விற்கின்றன. இடது கரை ஏற்றுமதியில் பெரும்பகுதி ஒன்றியத்துக்கும் மால்டோவாவின் மற்ற பகுதிக்கும்தான் போகிறது. கொடி கிழக்கைப் பார்க்கிறது, லாரி மேற்கே போகிறது.

மூன்றாவது, ரஷ்யாவின் கை தளர்ந்திருக்கிறது. 2025 ஜனவரி 1 அன்று உக்ரைன் வழியாக வந்த ரஷ்ய எரிவாயு நின்றது. இடது கரையில் அதுவரை காசில்லாமல் வந்த வாயு அது. நடுக்குளிரில் அடுக்குமாடி வீடுகளுக்குச் சூடும் வெந்நீரும் போயின. ஆலைகள் மூடின. திராஸ்போலின் ஏற்பாடு முழுக்க எதன் மேல் நின்றது என்பது அந்தச் சில வாரங்களில் எல்லோருக்கும் தெரிந்துபோனது.

பாதகமானதும் ஒன்று உண்டு, அது பெரியது. அயர்லாந்தில் பின்னால் நிற்கும் இரண்டு நாடும் உள்ளே, சைப்ரஸில் ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. ஆனால் அந்தத் துருக்கிக்கும் 1999-இல் வேட்பு நாடு என்ற தகுதி கிடைத்தது, சில ஆண்டுகளாவது அது அங்காராவை மென்மையாக்கியது. இங்கே மால்டோவாவோடு மொழியால் நெருங்கிய ருமேனியா உள்ளே, ரஷ்யா வெளியே, அதுவும் பகையோடு. சைப்ரஸில் ஓரளவு வேலை செய்த அந்த நெம்புகோல் இங்கே இல்லவே இல்லை. அதற்கு ஈடாக ஒன்றைத்தான் சொல்ல முடியும்: டிரான்ஸ்னிஸ்ட்ரியாவின் மறுபக்கம் இருப்பது ரஷ்யா இல்லை, உக்ரைன். உக்ரைனும் உள்ளே வந்தால் அந்தக் குறுகிய நிலம் ஒன்றியத்தால் சூழப்படும். அதனால் மால்டோவாவின் விண்ணப்பத்தை உக்ரைனின் விண்ணப்பத்தோடு சேர்த்து நகர்த்துவதில் அமைதி சார்ந்த ஒரு தர்க்கம் இருக்கிறது. 2025-இல் ஹங்கேரி உக்ரைனைத் தடுத்ததால் மால்டோவாவும் காத்திருக்க நேர்ந்தது என்பது அதன் விலை.

சரி, சைப்ரஸ் போன விதத்தில் போகக் கூடாது என்றால் எதை மாற்ற வேண்டும்? வரிசையை. இடது கரைக்குக் கொடுக்க வேண்டியது எல்லாம் கையெழுத்துக்கு முன்பே சட்டமாகியிருக்க வேண்டும். வணிகம் எந்த வழியில் தொடரும், சோதனை எங்கே நடக்கும், ஓய்வூதியம், பட்டம், பிறப்புச் சான்று எப்படி ஏற்கப்படும் என்பவை சேர்க்கை ஒப்பந்தத்தின் உள்ளேயே இருக்க வேண்டும். உறுப்பு நாடான பிறகு கிஷினாவ் நல்ல மனதோடு செய்துகொடுக்கும் என்று விடக் கூடாது. இன்றைய அரசின் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஹெலிம் சீஸின் கதை எந்த அரசுக்கும் நேரலாம். அதே ஒப்பந்தத்தில் இடது கரைத் தலைமைக்கும் ஒரு காலக்கெடு வேண்டும். இன்று கிடைக்கும் சந்தைச் சலுகை, படையும் கிடங்கும் பற்றிய பேச்சில் முன்னேற்றம் இல்லாவிட்டால் படிப்படியாகக் குறையும் என்று. இரு பக்கத்துத் தலைவர்களுக்கும் தாமதத்தின் விலை தெரிய வேண்டும், பொதுமக்களுக்கு அந்த விலை போகக் கூடாது.

சின்னச் சின்ன விஷயங்களில் இது நடக்கும் என்பதற்குச் சான்று இருக்கிறது. குரா பிகுலுய் பாலம் 1992 போரில் தகர்ந்தது. ஐரோப்பியப் பணத்தில் 2001-இல் கட்டி முடித்தார்கள், ஆனால் வண்டிகள் ஓட 2017 நவம்பர் வரை ஆனது. அதே கட்டத்தில் வேறு சில முடிச்சுகளும் அவிழ்ந்தன: திராஸ்போல் பல்கலைக்கழகப் பட்டத்துக்கு மால்டோவாவின் முத்திரை, லத்தீன் எழுத்தில் ருமேனிய மொழி கற்பிக்கும் பள்ளிகளுக்கு நிம்மதி, இடது கரை வண்டிகள் வெளிநாடு போக எந்தப் பக்கத்தின் சின்னமும் இல்லாத நம்பர் பிளேட். பாலம் கட்ட ஒன்பது ஆண்டு, திறக்கப் பதினாறு ஆண்டு. ஆனால் திறந்தது.

கடைசியாக, டினீஸ்டரை விடவும் கவலைப்பட வேண்டிய ஓர் இடம் இருக்கிறது. தெற்கே ககாவுசியா. துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழி பேசும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள், ஒரு லட்சத்தை ஒட்டிய மக்கள். 1994-இல் சண்டை இல்லாமல் தன்னாட்சி பெற்றார்கள். சேர்வதா வேண்டாமா என்று கிராமம் கிராமமாக வாக்கெடுத்து அந்தப் பகுதியின் எல்லையே தீர்மானிக்கப்பட்டது. ஐரோப்பாவில் இப்படி நயமாக முடிந்த பிளவுகள் குறைவு. அந்தச் சட்டத்தில் ஒரு வரி உண்டு: சுதந்திர நாடு என்ற மால்டோவாவின் தகுதி மாறினால், ககாவுசிய மக்களுக்குச் சுயநிர்ணய உரிமை உண்டு. 2024 அக்டோபரில் ஒன்றியத்தில் சேர்வது பற்றிய வாக்கெடுப்பில் நாடு முழுக்க ‘ஆம்’ 50 விழுக்காட்டைச் சற்றே தாண்டியது. ககாவுசியாவில் ஏறத்தாழ 95 விழுக்காடு ‘இல்லை’. ரஷ்யப் பணம் புகுந்து விளையாடியது என்ற குற்றச்சாட்டுக்கு வலுவான அடிப்படை உண்டு. 2025 ஆகஸ்டில் அந்தப் பகுதியின் தலைவிக்கே கட்சி நிதி வழக்கில் ஏழு ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. ஆனால் 95 விழுக்காட்டையும் விலைக்கு வாங்கியது என்று ஒதுக்கிவிட முடியாது.

எனவே டினீஸ்டரில் காத்திருக்கலாம், ககாவுசியாவின் தலைநகரான கொம்ராட்டில் காத்திருக்கக் கூடாது. ஒன்றியத்தில் சேர்வது நாட்டின் சுதந்திரத் தகுதியை மாற்றாது என்றும், தன்னாட்சி அதிகாரங்கள் அப்படியே தொடரும் என்றும் கிஷினாவும் கொம்ராட்டும் சேர்ந்து எழுதி, ககாவுசிய மொழியிலும் ரஷ்ய மொழியிலும் அந்தக் கிராமங்களுக்கு எடுத்துச்சென்று பேச வேண்டும். சேர்க்கைக்கான நிதியில் முதல் பங்கு அந்த ஊர்களின் சாலைக்கும் தண்ணீருக்கும் போக வேண்டும். சேர்க்கை ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே இதற்கு நேரம் இருக்கிறது, மாஸ்கோவின் சம்மதமும் இதற்குத் தேவையில்லை.